ஆம்புலன்ஸைக் கூப்பிட வெட்கப்பட வேண்டாம்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புற மூத்தோருக்கான சுகாதார உரை



புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா என்று பல இடங்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். பெஸ்தாரி ஜெயா என்று நான் சொல்கிறேன். உங்களில் பலருக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பெயர் மாறினாலும் ஆட்கள் மாறவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

வழக்கமாக இப்படிப்பட்ட கூட்டங்களில் இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, முட்டி வலி பற்றிப் பேசுவோம். இன்று பேசப் போவது போதைப்பொருளைப் பற்றி. "அது இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியது, கிழவன் கிழவிக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒரு வீட்டில் பிள்ளை கெட்டுப் போனால் அதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் பாட்டிதான். காணாமல் போன பணம், கழுவாத கரண்டி, குளியலறையில் பூட்டிய கதவு எல்லாம் அவர் கண்ணில்தான் படும். அதே போல, ஒரு வட்டாரத்தில் சிகிச்சை நிலையம் வரலாமா, எங்கே வரலாம் என்று மக்களைக் கூட்டிக் கேட்கும்போது முன் வரிசையில் உட்கார்ந்திருப்பதும் நீங்கள்தான். நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அங்கே மதிப்பு உண்டு. அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நமக்கு இது புதிய கேள்வி அல்ல

வெள்ளைக்காரர் காலத்தில் அபினைக் காய்ச்சிய சண்டுவை அரசாங்கமே விற்றது. அந்த வருமானம் கஜானாவுக்குப் போனது. தோட்டங்களிலோ கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாளில் அங்கே நின்ற கூட்டத்தைப் பற்றி உங்கள் அப்பா, தாத்தா சொல்லக் கேட்டிருப்பீர்கள். போதை நம் லயத்துக்கு வெளியிலிருந்து திடீரென்று வந்த ஒன்று அல்ல. வேலை வாங்கியவர்களும் வரி வாங்கியவர்களும் அதை நம் வாசலில் வைத்திருந்தார்கள்.

அதை எதிர்த்துக் கேட்டவர்களும் நம்மவர்களே. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் அதில் முன்னணியில் இருந்தார். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சம்பளம் மட்டும் இல்லை. துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். நல்ல மருத்துவ வசதி கேட்டார்கள். கடைசி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். போதையை நிறுத்து என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை, மருத்துவமும் கொடு என்று சொன்னார்கள். எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, அதிகம் படிக்காத நம் முன்னோர் அந்த இரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்று புரிந்து வைத்திருந்தார்கள்.

பிறகு காலம் மாறியது. பால்மரம் போய் செம்பனை வந்தது. பல குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போயின. கள்ளுக்குப் பதிலாகப் பொட்டலத்தில் ஹெராயின் வந்தது, பின்னர் சியாபு வந்தது. 1983-இல் அரசாங்கம் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று அறிவித்தது. அதே ஆண்டு, போதைக்கு அடிமையானோரின் சிகிச்சை, மறுவாழ்வு பற்றிய சட்டமும் வந்தது. பல வீடுகளில் அண்ணன், தம்பி, மகன் என்று யாரோ ஒருவர் மறுவாழ்வு மையத்துக்குப் போய்த் திரும்பினார்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது

அப்படித் திரும்பியவர்களில் ஒருவர் என் பெரியப்பாவின் மகன். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒரே லயத்தில் வளர்ந்தோம். எனக்கு மீன் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர் அவர். மையத்திலிருந்து வந்தபோது உடம்பு தேறியிருந்தது. பெரியம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தார். எல்லாரும் நிம்மதி அடைந்தோம்.

வந்த ஒன்பதாம் நாள் மாலையில் பழைய கூட்டாளி ஒருவன் வந்து அழைத்துப் போனான். அண்ணன் இரவு திரும்பி வந்து பாயில் படுத்தார். பெரிதாகக் குறட்டை விட்டார். பெரியம்மா எழுப்பிப் பார்த்தார், எழவில்லை. "தண்ணி போட்டிருப்பான், தூங்கட்டும்" என்றார் பெரியப்பா. மோர் கரைத்து வாயில் ஊற்றிப் பார்த்தார்கள். உதடு கறுத்தது போல் இருக்கிறது என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்ற பேச்சும் வந்திருக்கிறது. ஆனால் ராத்திரி நேரத்தில் லயத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்தால் எல்லாக் கதவும் திறக்கும், விடிந்ததும் என்ன பதில் சொல்வது என்று விட்டுவிட்டார்கள். விடியும்போது குறட்டை நின்றிருந்தது.

கருமாதிக்கு வந்தவர்களிடம் மாரடைப்பு என்று சொன்னோம். நானும் அப்படித்தான் சொன்னேன். பல ஆண்டுகள் கழித்து, இந்த வேலைக்கு வந்த பிறகு, அதே லயத்தில் இன்னும் இரண்டு வீடுகளில் இதே போல் "மாரடைப்பு" நடந்திருப்பது எனக்குத் தெரிய வந்தது. நாங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு வீட்டுக்காரர்களாவது குறட்டையைக் கேட்டபோது பயந்திருப்பார்கள். பயந்திருந்தால் கூப்பிட்டிருப்பார்கள்.

அண்ணன் இறந்ததற்கு மருத்துவக் காரணம் எளிமையானது. பல மாதம் போதைப்பொருள் இல்லாமல் இருந்தால் உடம்பு அதைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும. திரும்பி வந்தவர் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால், அந்த அளவு இப்போது விஷம். மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நிற்கும். சிறையிலிருந்தோ மையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தான காலம். அப்போது பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் அண்ணன் பிழைத்திருக்கலாம்.

கண்காணிப்பில் ஊசி போடும் அறை என்பது என்ன?

"பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர்" என்ற அந்த ஒரே எண்ணத்தில்தான் சில நாடுகளில் ஓர் ஏற்பாடு உருவானது. நீங்கள் செய்தியில் பார்த்திருக்கலாம், பேரப் பிள்ளைகள் கைப்பேசியில் காட்டியிருக்கலாம். போதைக்கு அடிமையானவர் தெருவிலும் கழிவறையிலும் ஒளிந்து ஊசி போடாமல், தாதியர் இருக்கும் ஓர் அறைக்கு வந்து போடுகிறார். அங்கே போதைப்பொருள் கொடுக்க மாட்டார்கள். சுத்தமான ஊசி கொடுப்பார்கள். மூச்சு குறைந்தால் ஆக்ஸிஜன் கொடுத்து, மாற்று மருந்து போட்டுப் பிழைக்க வைப்பார்கள். விட விரும்புகிறவரைச் சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

இப்படிப்பட்ட முதல் அறை 1986-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2001-இலும், கனடாவின் வான்கூவரில் 2003-இலும் திறந்தார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2025 ஜனவரியில் திறந்தார்கள். சிட்னி அறையில் இதுவரை பத்து லட்சம் முறைக்கு மேல் ஊசி போடப்பட்டிருக்கிறது. அறைக்குள் அளவு மீறிப் போய் ஒருவர்கூட இறக்கவில்லை.

அங்கேயும் மக்கள் சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. சிட்னியில் முதலில் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபை அறையை நடத்த முன்வந்தது. வத்திகான் வேண்டாம் என்றதால் விலகியது. பிறகு வேறொரு கிறிஸ்துவத் திருச்சபை பொறுப்பேற்றது. அந்த வட்டார வணிகர் சங்கம் வழக்குப் போட்டுத் தோற்றது. பத்தாண்டு சோதனை முயற்சியாக நடந்து, 2010-இல்தான் அறை நிரந்தரமானது. மெல்பர்னில் 2018-இல் ஓர் அறை தொடங்கியது. அது ஆரம்பப் பள்ளிக்கு மிக அருகில் இருந்ததால் பெற்றோர் பலர் வருந்தினார்கள், இன்னும் சிலர் அதே அறையால் தெருவில் பிணம் விழுவது குறைந்தது என்றார்கள். அந்த அறை 2023-இல் நிரந்தரமானது. ஆனால் நகர மையத்தில் இரண்டாவது அறை திறக்கும் திட்டத்தை, நீண்ட கலந்தாய்வுக்குப் பின் 2024-இல் அந்த மாநில அரசு கைவிட்டது. ஒரே ஊரில் ஓர் இடத்தில் சரி, இன்னோர் இடத்தில் வேண்டாம். மக்களைக் கேட்பது என்றால் அதுதான். பதில் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தால் அது கலந்தாய்வு ஆகாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் அப்படிப்பட்ட அறை எதுவும் இல்லை. கோல சிலாங்கூரில் திறக்கப் போகிறோம் என்று சொல்ல நான் வரவில்லை. நம் பிள்ளைகளில் பலர் இன்று எடுப்பது சியாபு, மாத்திரை. அதற்கு ஊசி அறை பதில் ஆகாது. ஆனால் அந்த அறைக்குப் பின்னால் இருக்கும் கேள்வி நமக்கும் உண்டு. போதையை விடாதவன் விடும் வரை உயிரோடு இருக்க வேண்டுமா, வேண்டாமா? செத்துப் போனவனைத் திருத்த யாராலும் முடியாது.

நம் நாடு செய்தது

அந்தக் கேள்விக்கு நம் நாடு ஏற்கெனவே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. இங்கே முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் கண்டறியப்பட்டது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்ததால் அது வேகமாகப் பரவியது. 2002-இல் மட்டும் 6,978 பேருக்குப் புதிதாகத் தொற்று பதிவானது. அந்த ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஊசி போடுகிறவர்கள். அவர்களிடமிருந்து அது மனைவிக்குப் போனது, வயிற்றுப் பிள்ளைக்கும் போனது. எந்தத் தவறும் செய்யாத மருமகளை மருத்துவமனையில் பார்த்த மாமியார்கள் நம் சமூகத்திலும் உண்டு.

2005 அக்டோபரில் சுகாதார அமைச்சு மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கியது. 2006-இல் கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு ஆகிய இடங்களில் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி கொடுக்கும் திட்டம் வந்தது. "ஊசியை நீங்களே கொடுத்தால் போதையை வளர்ப்பதாகாதா?" என்று சமயத் தலைவர்களும் பெற்றோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஊசி கிடைக்காததால் யாரும் போதையை விட்டதில்லை, அடுத்தவன் ஊசியை எடுத்துக்கொண்டான். திட்டம் வந்த பிறகு ஊசி வழித் தொற்று ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. கடந்த பத்தாண்டுக்கும் மேலாகப் புதிய தொற்றுகளில் அது சிறு பங்குதான். 2018-இல், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது.

மெத்தடோன் என்பது வாயால் குடிக்கும் மருந்து. ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைக்கு அடிமையானவருக்குக் கொடுப்பது. தினம் ஒரு முறை, மருந்தாளர் கண் முன்னால் குடிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க உடம்பு நடுக்கமும் வேட்கையும் வராமல் தடுக்கும். அவர் வேலைக்குப் போகலாம், குடும்பத்தோடு இருக்கலாம். "ஒரு போதையை விட்டு இன்னொரு போதை" என்று சிலர் பழிப்பார்கள். உங்களில் எத்தனை பேர் தினமும் இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? நிறுத்தினால் ஏறும் என்பதால்தானே சாப்பிடுகிறீர்கள்? இதையும் அப்படிப் பாருங்கள். ஆனால் மெத்தடோன் சியாபுவுக்கு மருந்தல்ல. அதற்கு ஆலோசனையும் தொடர்ந்த கவனிப்பும் தேவை.

கலந்துரையாடலில் என்ன கேட்கலாம்?

உங்கள் வட்டாரத்தில் மெத்தடோன் சேவை, ஆலோசனை நிலையம், மறுவாழ்வு இல்லம் போன்ற ஏதாவது வருவதாக இருந்து உங்கள் கருத்தைக் கேட்டால், கட்டாயம் போங்கள். போகாமல் இருந்துவிட்டுப் பிறகு காப்பிக் கடையில் குறை சொல்வதில் பயனில்லை. எதிர்ப்பதாக இருந்தாலும் அங்கே போய்ச் சொல்லுங்கள். வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு பதில் மட்டும்தான் உண்டு என்று நினைக்காதீர்கள். இப்படியும் கேட்கலாம்.

முதலாவது, இடம். தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் எவ்வளவு தூரம்? பிள்ளைகள் பள்ளி விடும் நேரமும் அங்கே கூட்டம் வரும் நேரமும் ஒன்றாக இருக்குமா?

இரண்டாவது, நேரம். இது உங்களைத் தவிர வேறு யாரும் கேட்கத் தெரியாத கேள்வி. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். அரசு கிளினிக் காலை எட்டு மணிக்குத் திறக்கும். செம்பனைக் குலை வெட்டுகிறவன் எட்டு மணிக்குத் தினமும் கிளினிக்கில் நின்றால் அவன் வேலை என்னாவது? இதனாலேயே மருந்தைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. சீராக இருப்பவருக்குச் சில நாள் மருந்தை வீட்டுக்குக் கொடுக்க முடியுமா, காலையில் முன்கூட்டியே கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். இது ஓர் அதிகாரிக்கு மேசையில் இருந்தால் தோன்றாது. தோட்டத்தில் வாழ்ந்த உங்களுக்குத் தோன்றும்.

மூன்றாவது, போக்குவரத்து. உள் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் பேருந்து எத்தனை முறை? மோட்டார் சைக்கிள் இல்லாதவர் எப்படி வருவார்?

நான்காவது, பொறுப்பு. தகராறு வந்தால், வழியில் ஊசி கிடந்தால், யாரிடம் சொல்ல வேண்டும்? அந்த ஆளின் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும் என்று கேளுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி கூட்டம் வைத்து, எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும் என்றும் கேளுங்கள்.

ஐந்தாவது, மொழி. தமிழில் பேசி விளக்க ஆள் இருப்பாரா?

இத்தனையும் கேட்ட பிறகும் இந்த இடம் பொருந்தாது என்று தோன்றினால் சொல்லுங்கள். கூடவே, எந்த இடம் பொருந்தும் என்றும் சொல்லுங்கள். "எங்கேயும் வேண்டாம்" என்பது மட்டும் பதிலாக இருந்தால், அந்தப் பிள்ளைகள் மறைந்துவிட மாட்டார்கள். செம்பனைக் காட்டுக்குள் போவார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

இனி, கூட்டம் எதுவும் இல்லாமலே இன்றைக்கே நீங்கள் செய்யக் கூடியவை.

ஒருவர் எழுப்பியும் எழாமல் இருக்கிறார். மூச்சு மெதுவாக வருகிறது, அல்லது தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது போலக் குறட்டை வருகிறது. உதடும் நகமும் நீலம் அல்லது சாம்பல் நிறமாகிறது. கண்மணி ஊசி முனை போலச் சிறுத்திருக்கிறது. இது தூக்கம் அல்ல. உடனே 999-ஐ அழையுங்கள். அவரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தாலும் மூச்சுக் குழாயில் அடைக்காது. தனியே விடாதீர்கள். மூச்சு நின்றுவிட்டால், தொலைபேசியில் பேசுபவர் சொல்கிறபடி செய்யுங்கள். என்ன எடுத்தார் என்று தெரிந்தால் மறைக்காமல் ஆம்புலன்ஸ் ஊழியரிடம் சொல்லுங்கள். நலோக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. அபின் வகைப் போதை என்று தெரிந்தால் மருத்துவர் அதைப் பயன்படுத்த முடியும்.

மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நினைவில்லாதவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். தலையில் தண்ணீர் ஊற்றுவது, அடித்து எழுப்புவது, இழுத்து நடக்க வைப்பது எதுவும் உதவாது. "தூங்கட்டும்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ பிள்ளை திரும்பி வரும்போது, வந்த அன்றே கோழிக் குழம்போடு இதையும் சொல்லுங்கள்: "தம்பி, நீ மறுபடி எடுக்கக் கூடாது என்பதுதான் எங்கள் ஆசை. ஒருவேளை எடுத்துவிட்டால், பழைய அளவு உன்னைக் கொன்றுவிடும். தனியாக இருக்காதே. எங்களைக் கூப்பிடு, திட்ட மாட்டோம்." இதைச் சொன்னால் அனுமதி கொடுத்ததாக ஆகாது. உயிருக்குக் காவல் வைத்ததாக ஆகும்.

மெத்தடோனை வீட்டுக்குக் கொண்டு வர அனுமதி பெற்றவர் வீட்டில் இருந்தால், அது பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். பழக்கமில்லாத ஒருவருக்கு, அதிலும் குழந்தைக்கு, கொஞ்சம் குடித்தாலும் உயிருக்கு ஆபத்து. மெத்தடோன் குடிப்பவர் மதுவும் தூக்க மாத்திரையும் சேர்த்துக்கொண்டால் மூச்சு நிற்கலாம். உங்கள் தூக்க மாத்திரையையும் வலி மாத்திரையையும் எண்ணி வையுங்கள், பூட்டி வையுங்கள்.

வழியில் ஊசி கிடந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், மூடியைத் திரும்பப் போட முயலாதீர்கள். இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, கிளினிக்கில் கொடுங்கள். இன்சுலின் போடும் நீங்களும் உங்கள் ஊசியை இப்படித்தான் செய்ய வேண்டும், குப்பைப் பையில் போடக் கூடாது. தவறிக் குத்திவிட்டால் காயத்தைப் பிசையாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே கிளினிக்குக்கோ தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ போங்கள். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

எப்போதோ ஒரு காலத்தில் ஊசி போட்டு, இப்போது திருந்தி, ஐம்பது வயதாகிக் குடும்பத்தோடு இருக்கிறாரே உங்கள் மகன் அல்லது தம்பி, அவரையும் மறக்காதீர்கள். பகிர்ந்த ஊசி வழியாக ஹெப்பாடைட்டிஸ் சி என்ற கிருமி வந்து, இருபது முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் ஈரலை அரிக்கும். இதற்கு இப்போது மாத்திரை உண்டு, பெரும்பாலோர் மூன்று மாதத்தில் குணமாகிறார்கள். அந்த மருந்தின் விலை எட்டாத உயரத்தில் இருந்தபோது, 2017-இல் மலேசிய அரசாங்கம் சட்ட வழியிலேயே மலிவான மருந்தை வரவழைக்க வழி செய்தது. 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஓர் இரத்தச் சோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். பழைய கதையைக் கிளற வேண்டியதில்லை. "ஈரலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளப்பா" என்று சொன்னால் போதும்.

உதவி எங்கே?

முதல் படி, உங்களுக்குப் பழக்கமான அரசு சுகாதார கிளினிக். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. தேவையான சேவை அங்கே இல்லையென்றால், எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்திடம் தானாக முன்வந்து சிகிச்சைக்கு விண்ணப்பிக்க 1983-ஆம் ஆண்டுச் சட்டமே வழி வைத்திருக்கிறது. வயது வராத பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். பிடிபட்டுப் போவது வேறு, தானாகப் போவது வேறு. முடிந்தால் நீங்களே கூடப் போங்கள். வரிசையில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளை எழுந்து ஓட மாட்டான்.

பெரியோர்களே, நான் உங்களைவிட வயதில் சிறியவன். உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. என் பெரியப்பா கெட்டவர் அல்லர். மகன்மேல் உயிரையே வைத்திருந்தார். அந்த இரவு அவரிடம் இல்லாதது பாசம் அல்ல. குறட்டை என்ன சொல்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டோம் என்று அந்த லயத்தில் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

முதலாவதை இன்று நான் உங்களுக்குச் சொல்லிவிட்டேன். இரண்டாவதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லுங்கள்: "என்ன நேரமானாலும் கூப்பிடு. எங்கள் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றாலும் சரி, உங்கள் வாசலில் நின்றாலும் சரி, யாரும் கேள்வி கேட்க மாட்டோம்."